விண்ணப்பக் கட்டுரைக்கு விஷயம் தேடும் வழி

அமெரிக்கக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளின் கட்டுரைகளைப் படித்துப் பார்த்துக் கருத்துச் சொல்வது என் வேலை. பலரும் காமன் ஆப்பில் (பல கல்லூரிகளுக்கும் பொதுவான இணைய விண்ணப்பம்) கட்டுரைக்காக இருக்கும் ஏழு கேள்விகளையும் முதலில் படித்து, ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதற்குத் தோதான சம்பவத்தைத் தேடி அலைகிறார்கள். தலைகீழாகச் செய்யுங்கள். ஏழாவது கேள்வியே 'விரும்பியதை எழுதலாம்' என்பதுதான். விஷயம் கிடைத்தால் கேள்வி தானாக அமையும்.

ஒரு தாளை எடுத்து உங்களைப் பற்றிய சில்லறைத் தகவல்களை எழுதுங்கள். பரிசு, பதக்கமெல்லாம் வேண்டாம்; அவற்றுக்கு விண்ணப்பத்தில் தனி இடம் உண்டு. யாரும் சொல்லாமலே நீங்கள் செய்கிற வேலை, நண்பர்கள் கிண்டல் செய்யும் பழக்கம், முன்பு அடித்துப் பேசி இப்போது மாற்றிக்கொண்ட கருத்து, இப்படி. எதையும் அடிக்காதீர்கள்.

ஒரு மாணவி 'ரோபாட்டிக்ஸ் போட்டி' என்பதைப் பெரிதாக வட்டமிட்டிருந்தாள். கீழே ஓரமாக ஒரு வரி: 'தம்பிக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும்போது வேண்டுமென்றே ஒரு படியைத் தப்பாகப் போடுவேன்.'

ஏன் என்று கேட்டேன். 'அவன் யோசிக்கிறானா, சும்மா பார்த்து எழுதுகிறானா என்று தெரியணுமே.' கண்டுபிடித்தால்? 'பென்சிலைக் கீழே வைத்துவிட்டு முறைப்பான்.' நீ தெரியாமல் செய்த தப்பைப் பிடித்திருக்கிறானா? சிரித்துவிட்டாள். 'ஒருதடவை. அதுவும் வேண்டுமென்றே போட்டதுதான் என்று சமாளித்தேன். அவன் நம்பவில்லை.'

ரோபாட்டிக்ஸை அங்கேயே விட்டுவிட்டோம்.

நீங்களும் ஒவ்வொரு வரியையும் இப்படிக் குடையுங்கள். ஏன், எப்போதிலிருந்து, எதிரில் இருந்தவர் என்ன சொன்னார். எழுதச் சோம்பலாக இருந்தால் நண்பரிடம் பேசி, போனில் பதிவு செய்யுங்கள். பேச்சில் வருகிற விவரம் எழுத்தில் சுலபமாக வராது. துயரம் இருந்தால்தான் கட்டுரை என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. சொல்ல விருப்பமில்லாத துக்கத்தைத் தோண்டி எடுக்க வேண்டியதில்லை.

அப்புறம், 650 சொல்தான் உச்சவரம்பு. வாழ்க்கை வரலாறு அதில் அடங்காது. இரண்டு விஷயங்கள் மிஞ்சினால் இரண்டுக்கும் ஒரு பத்தி எழுதிப் பாருங்கள். எதில் அடுத்த வரி தானாக வருகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். மற்றதைத் தூக்கிப் போடாதீர்கள். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கும் விண்ணப்பிப்பதாக இருந்தால், அங்கே எட்டுக் கேள்விகளில் நான்குக்கு, தலா 350 சொல்லுக்குள் எழுத வேண்டும். மிச்சம் வைத்ததெல்லாம் அங்கே செலவாகிவிடும்.