கிரேடில் மலையில் வொம்பாட் பார்க்கப் போகிறீர்களா?

ஊரிலிருந்து யார் வந்தாலும் கங்காருவைத்தான் கேட்பார்கள். ஆஸ்திரேலியாவின் தெற்கே உள்ள டாஸ்மேனியாத் தீவில் குடியிருக்கும் நான் அவர்களைக் கிரேடில் மலைக்குக் கூட்டிப்போய் வொம்பாட் காட்டுவேன். கங்காருவைப் போலப் பையில் குட்டி வளர்த்து, மண்ணில் வளை தோண்டி வாழும் குட்டைக்கால் விலங்கு அது. டெவன்போர்ட்டிலிருந்து காரில் சுமார் ஒன்றரை மணி நேரம். பார்வையாளர் மையத்தில் பூங்கா அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு, அங்கிருந்து பேருந்தில் ரோனி கிரீக் நிறுத்தத்தில் இறங்குங்கள். கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று ஏறும்போதே கேட்டுவிடுங்கள்.

முதல் தடவை நான் நண்பகலில் போய் ஏமாந்தேன். வெயிலில் வொம்பாட் வளைக்குள் படுத்திருக்கும். வெளியே வருவது சாயங்காலம்தான். மேகமூட்டமான குளிர்நாளில் கொஞ்சம் முன்னதாகவே வரும். மார்கழிக் குளிர் அளவுக்கு நினைத்துக்கொண்டு வராதீர்கள். அங்கே கோடையிலும் வெண்பனி கொட்டுவதுண்டு.

போனதும் கண்ணைத் தரையில் ஓட்டுங்கள். கல்லின் மேலும், விழுந்த மரத்தின் மேலும், புல் திட்டின் உச்சியிலும் கனசதுரப் புழுக்கைகள் கிடக்கும். ஒவ்வொன்றும் சுமார் இரண்டு சென்டிமீட்டர். என் மாமனார் குனிந்து பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை, மைசூர்பாகைத் துண்டு போட்டாப்ல இருக்கே!" என்றார். அன்றைக்கு டீக்கு வாங்கிய கேக்கை அவர் தொடவில்லை. குடலின் சுவர் சுற்றிலும் ஒரே விறைப்பாக இல்லாததால்தான் இந்த வடிவம் வருகிறதாம். அதைக் கண்டுபிடித்தவர்களுக்கு 2019-இல், முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கான இக் நோபல் பரிசு கொடுத்தார்கள். புழுக்கை ஈரமாகவும் பச்சையாகவும் இருந்தால் ஆள் பக்கத்தில்தான் இருக்கிறது.

அடுத்து வளை. ஓடைக்கரைச் சரிவில் தாழ்ந்த வளைவான வாயும், முன்னால் தோண்டித் தள்ளிய மண்மேடும் தெரியும். வாயில் சிலந்திவலை கட்டியிருந்தால் அங்கே நிற்காதீர்கள். வலை இல்லாமல் புதுமண்ணும் நகக்கீறலும் இருந்தால், எதிரே நிற்காமல் பத்திருபது அடி தள்ளி ஒரு பக்கமாக உட்காருங்கள். வாயை மறித்து நின்று ஒரு மாலையையே வீணாக்கியவன் சொல்கிறேன், கேளுங்கள். குனிந்து கையை விடவும் கூடாது. விரட்டினால் தலையை உள்ளே வைத்துப் பின்புறத்தால் வழியை அடைத்துக்கொள்ளும். அந்த இடத்தில் தடித்த தோலும் குருத்தெலும்பும் இருப்பதால், துரத்தி வருவது கடித்தாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது.

வெளியே வந்ததும் அது பாட்டுக்குப் புல் மேயும். சும்மா இருந்தால் மரப்பாதைக்குப் பக்கத்திலேயே வந்துவிடும். புல்லைப் பிடுங்கும் சத்தம் கூடக் கேட்கும். பல்லெல்லாம் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருப்பதால் தேய்வதைப் பற்றி அதற்குக் கவலை இல்லை. அசமந்தம் என்று நினைத்துத் துரத்தாதீர்கள். கொஞ்ச தூரத்துக்கு மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். பெண்ணாக இருந்தால் பின்னங்கால்களுக்கு நடுவே பாருங்கள். பையின் வாய் பின்பக்கம் திறந்திருக்கும். முன்பக்கம் இருந்தால் தோண்டும்போது குட்டியின் முகமெல்லாம் மண்தான். என் மகளுக்கு ஒரு தடவை அங்கிருந்து ஒரு சின்ன மூக்கு எட்டிப் பார்த்தது.

முடி கொட்டி, தோல் பொருக்குத் தட்டி, நல்ல வெயிலில் தள்ளாடி நடக்கிற வொம்பாட்டைக் கண்டால் அது சொறி நோய். ஒருவகைச் சிற்றுண்ணியால் வருவது. இதே தீவின் வடகரையில் உள்ள நராவன்டபு தேசியப் பூங்காவில் இருந்த வொம்பாட்டுகளில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேல் இதனால் போய்விட்டன. தொடாமல், இடத்தைக் குறித்துக்கொண்டு பூங்கா ஊழியரிடம் சொல்லுங்கள்.

திரும்பும்போது இருட்டியிருக்கும், வண்டியை மெதுவாக ஓட்டுங்கள். சாலையில் அடிபட்டுக் கிடப்பது பெண் என்றால் பைக்குள் குட்டி உயிரோடு இருக்கலாம். காம்பைக் கவ்வியிருக்கும் குட்டியை இழுக்கவே கூடாது. போனோராங் விலங்கு மீட்பு எண்ணைப் புறப்படும்போதே போனில் ஏற்றி வையுங்கள். அந்தப் பக்கம் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது. அதனால் பிறகு இடத்தைச் சொல்ல வசதியாக வண்டியின் கிலோமீட்டர் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள்.