தினமும் இறங்கிய டயர்: முள் காரணமில்லை

மனைவி, மகளோடு பாலைவனத்தைச் சைக்கிளில் கடந்தபோது 4 நாட்களை விழுங்கிய பிரச்சினை இது. தீர்ந்ததில் பெரிய நிம்மதி.

என் பின் டயர் மட்டும் தினமும் மதியத்துக்கு மேல் காற்றிறங்கியது. குடிநீரும் கூடாரமும் அந்தச் சைக்கிளில்தான். முள் என்றே நினைத்தேன். டயரின் உட்புறத்தை விரலால் தடவியும் ஒன்றும் சிக்கவில்லை. ஒட்டுப் போட்டேன், மறுநாளும் அதே கதை. புது டியூப் மாற்றினேன், அதுவும் போனது. பம்பைக்கூடச் சந்தேகப்பட்டேன்.

ஓட்டை தேட டியூபைத் தண்ணீரில் முக்குவார்கள். எங்களிடம் குடிக்கவே அளந்த தண்ணீர். அதனால் காற்றடித்த டியூபை உதட்டருகே மெல்லச் சுற்றினேன். மெல்லிய கசிவும் அங்கே தெரிந்துவிடும். பக்கத்தில் இருந்த மகள் கேட்டாள்: "அப்பா, எல்லா ஓட்டையும் ஏன் உள்பக்கமாவே இருக்கு?"

அதுதான் விஷயம். முள் குத்தினால் ஓட்டை தரையைப் பார்த்த பக்கம் விழும். இவை மூன்றும் ரிம்மைப் பார்த்த பக்கம்.

ரிம்முக்குள் ஸ்போக் துளைகளை மூடும் பட்டை, வெயிலில் பசை இளகி ஓரமாக நகர்ந்திருந்தது. காற்றழுத்தத்தில் டியூப் துளைக்குள் பிதுங்கி, விளிம்பில் அறுபட்டிருக்கிறது. பட்டையை உரித்து, மணலைத் துடைத்து, துணி டேப்பை ரிம்மின் அகலத்துக்குக் கிழித்து, இழுத்துப் பிடித்து இரண்டு சுற்று ஒட்டினேன். வால்வுத் துளையை மட்டும் கத்தியால் திறந்தேன்.

அப்புறம் கடைசி நாள் வரை அந்த டயர் இறங்கவில்லை. மனைவியின் சைக்கிளையும் பிரித்துப் பார்த்தேன். அதிலும் பட்டை நகரத் தொடங்கியிருந்தது.