குடும்பப் படங்களை வீட்டுக் கணினியில் சேர்ப்பவர்கள் செய்யும் தவறுகள்

அம்மாவின் திருமண அல்பம் 1983 ஜூலை இனக்கலவரத்தில் கொழும்பு வெள்ளவத்தை வீட்டோடு எரிந்துபோனது. இன்று எங்களிடம் இருக்கும் ஒரேயொரு கல்யாணப் படம், அதற்கு முன்பே லண்டனில் இருந்த பெரியப்பாவுக்குத் தபாலில் போனது. மூலை மடிந்து மஞ்சள் பாரித்த அந்தப் படத்தின் பின்புறத்தில் அம்மம்மாவின் கையெழுத்தில் திகதி இருக்கிறது. படங்களைச் சொந்தக் கணினியில் ஒழுங்குபடுத்தி வைப்பது எப்படி என்று கேட்பவர்களிடம் முதலில் இந்தப் படத்தின் கதையைத்தான் சொல்கிறேன்.

2021 ஜூன் 1ஆம் திகதி கூகுள் போட்டோஸ் அளவில்லாத இலவசச் சேமிப்பை நிறுத்தியது. அதன் பிறகு படங்களைச் சொந்தக் கணினியிலேயே சேர்த்துப் பார்க்க உதவும் இம்மிச், போட்டோபிரிசம், பிவிகோ போன்ற திறந்த மூல மென்பொருள்களை நாடுபவர்கள் என் நண்பர்களிடையே கூடியிருக்கிறார்கள். எங்கள் வீட்டில், பம்பலப்பிட்டியில் வாங்கிய பழைய சிறு கணினி ஒன்றில், 8 ஜிபி நினைவகத்தோடு இம்மிச் ஓடுகிறது. முகம் பார்த்து ஆட்களைப் பிரித்துத் தருகிறது; அந்த வேலைக்காக ஒரு படமும் வீட்டை விட்டு வெளியே போவதில்லை. ஆனால் அலுமாரி எவ்வளவு அழகாக அடுக்கப்பட்டிருந்தாலும், வீடு எரிந்தால் அதுவும் எரியும்.

இதை மறப்பதுதான் மிகப் பெரிய தவறு. கைத்தொலைபேசியிலிருந்து எல்லாம் ஏறிவிட்டது என்று கண்டவுடன் தொலைபேசியில் உள்ளவற்றை அழித்துவிடுகிறார்கள். அந்த நிமிடத்திலிருந்து மகளின் முதல் நடை ஒரே ஒரு வன்தட்டில்தான் இருக்கிறது. ஒன்றுக்கொன்று பிரதியாக இரண்டு தட்டுகளைப் பூட்டியிருப்பவர்களும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. ஒன்றில் தவறுதலாக அழித்தது மற்றதிலும் உடனே அழிந்துவிடும். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்றாவது வேறு ஊரில் என்ற பழைய கணக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பிரதி எடுப்பவர்களும் பாதியைத்தான் எடுக்கிறார்கள். இம்மிச்சில் படக்கோப்புகள் ஒரு பக்கம் இருக்கும். எந்தப் படம் எந்த அல்பத்தில், எந்த முகம் யாருடையது என்ற விபரமெல்லாம் போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்தில் இருக்கும். கோப்புகளை மட்டும் காப்பாற்றினால் பல மாதம் இருந்து பெயர் சூட்டிய உழைப்பு போய்விடும். தரவுத்தளத்தை மட்டும் காப்பாற்றினால் பெயர்கள் இருக்கும், படங்கள் இல்லாமல் போகும். இம்மிச் நாள்தோறும் தரவுத்தளப் பிரதியைத் தானாகவே எடுக்கிறது என்பது உண்மை. ஆனால் நீங்கள் மாற்றாவிட்டால், படங்கள் இருக்கும் அதே இடத்தில்தான் அதையும் வைக்கிறது. இன்னொன்று, கோப்புகளை ஆண்டு, மாத வாரியாக அடுக்கும் சேமிப்பு வார்ப்புரு (Storage Template) என்ற அமைப்பைத் தொடக்கத்திலேயே இயக்கிவிடுங்கள். இல்லையென்றால் கோப்புகள் நீண்ட குறியீட்டுப் பெயர்களோடு கிடக்கும். நாளைக்கு இந்த மென்பொருள் இல்லாமல் போனால் கோவிலையும் கடற்கரையையும் பிரித்தறிய ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டிவரும். ஆண்டு, மாத வாரியாக அடுக்கியிருந்தால் எந்தக் கணினியிலும் தேடி எடுக்கலாம்.

அடுத்தது திகதி. அம்மா எஞ்சிய பழைய படங்களைத் தேடிச் சேர்த்துத் தந்தார். நான் 200 படங்களை இரண்டு இரவில் ஸ்கான் செய்து ஏற்றினேன். மறுநாள் பார்த்தால் அப்பாவின் பள்ளிக்கூட நாட்களும் அக்காவின் சாமத்திய வீடும் ஒரே வாரத்தில் நடந்ததுபோல் வரிசையில் நின்றன. ஸ்கான் செய்த நாளையே மென்பொருள் படம் எடுத்த நாளாகக் கொண்டுவிட்டது. ஏற்றுவதற்கு முன்பே எக்ஸிஃப்டூல் அல்லது டிஜிகாம் என்ற மென்பொருளைக் கொண்டு கோப்புக்குள் சரியான திகதியை எழுதுங்கள். படத்தின் பின்புறத்தையும் ஸ்கான் செய்யுங்கள். அம்மம்மாவின் எழுத்தை எந்த மென்பொருளாலும் திரும்ப எழுத முடியாது.

வாட்ஸ்அப்பில் வரும் படங்களில் இந்தச் சிக்கல் இன்னும் மோசம். சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கும், எடுத்த நேரமும் இடமும் நீங்கிவிடும். கோப்பின் பெயரில் இருப்பது பெரும்பாலும் நமக்கு வந்து சேர்ந்த நாள். ரொறன்ரோவில் இருக்கும் சித்தியிடம், படத்தை ஆவணமாக அனுப்பும்படி கேளுங்கள். கூகுளிலிருந்து மொத்தமாக இறக்குபவர்கள் கூடவே வரும் ஜேசன் (.json) கோப்புகளைக் குப்பை என்று அழிக்கக் கூடாது. நீங்கள் திருத்திய திகதியும் எழுதிய குறிப்பும் அவற்றில்தான் இருக்கின்றன.

வெளியூரிலிருந்து பார்ப்பதற்காக ரவுட்டரில் வாசலை (port) திறந்துவிடாதீர்கள். டெயில்ஸ்கேல் போன்ற தனிவழி இணைப்பு (VPN) போதும். பொது இணைய முகவரி (public IP) கிடைக்காத 4ஜி இணைப்புகளிலும் அது வேலை செய்யும்.

மின்சாரத்தையும் சொல்லியாக வேண்டும். 2022இல் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டைக் கண்ட ஊர் இது. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் தரவுத்தளம் பழுதாகலாம். சிறிய யுபிஎஸ் ஒன்று வாங்குங்கள். மின்சாரம் போனதும் கணினி தானாக ஒழுங்காக அணையும்படி அதை இணைத்துவிடுங்கள்.

பிரதியிலிருந்து மீட்டுப் பார்க்காதவரை அது இருக்கிறது என்று எண்ணாதீர்கள். ஆண்டுக்கு ஒருமுறை வேறொரு கணினியில் முழுவதையும் மீட்டு, ஓர் அல்பத்தைத் திறந்து பாருங்கள். எங்கள் இரண்டாவது வன்தட்டு, குறியாக்கம் செய்யப்பட்டு, லண்டனில் பெரியப்பாவின் மகள் வீட்டில் இருக்கிறது. அதன் கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதி அம்மாவிடம் கொடுத்திருக்கிறேன். பெரியப்பாவின் மகளான அந்த அக்கா ஒவ்வொரு ஆடியிலும் வேல் விழாவுக்கு வரும்போது அந்தத் தட்டைக் கொண்டுவருவார். புதியதை எடுத்துப் போவார்.