இறுதியாண்டு கலைப் படைப்புக்கு மென்டார் தேடுகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

கல்லூரி கைடு போக வெளியிலும் ஒருவர் வேண்டும் என்றதும், கவின்கலை மாணவர்கள் பலர் இன்ஸ்டாகிராமில் யாருக்குக் கூட்டம் அதிகம் என்றுதான் முதலில் பார்க்கிறார்கள். பெயரை விடுங்கள். உங்கள் ஊடகத்தில் அவருக்குக் கை பழகியிருக்கிறதா என்று பாருங்கள். வெண்கலம் வார்க்கப் போகிறவருக்கு ஒரு பெரிய அக்ரிலிக் ஓவியர் பாதி வழிதான் துணை வர முடியும்.

அதைவிட மோசமானது, காலம் கடந்து போவது. “முடிச்சிட்டுக் காட்டலாம்” என்று கூச்சப்பட்டே பலர் காரியத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள். சுவாமிமலை வார்ப்பு முறையையே எடுத்துக்கொள்ளுங்கள். தேன்மெழுகில் குங்கிலியம் கலந்து உருவம் செய்கிறார்கள். அதன் மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசிக் காயவிடுகிறார்கள். பிறகு சூடாக்கி மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். முகம் சரியில்லை என்று ஸ்தபதி சொல்ல வேண்டிய நேரம் மெழுகு நிலைதான். உலோகமான பிறகு அரத்தால் கொஞ்சம் குறைக்கலாம், கூட்டுவது பெரும்பாடு. அரைகுறை வேலையோடு போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அவருக்கும் அப்போதுதான் சொல்வதற்கு ஏதாவது இருக்கும்.

எந்த மாதத்தில் போகிறீர்கள் என்பதும் முக்கியம். மதுரை விளாச்சேரி போன்ற பொம்மைக் கிராமங்களில் விநாயகர் சதுர்த்தி நெருங்கினால் நிற்க நேரமிருக்காது. உடனே பின்னால் கொலு வேலை. அது முடிந்தால் வடகிழக்குப் பருவமழை. மண் காயாது, சூளை போடுவதும் சிரமம். சித்திரையில் கண்காட்சி என்றால், முந்தைய ஆனியிலேயே ஒருமுறை போய்ப் பேசிவிடுவது நல்லது.

அப்புறம் அந்த முதல் செய்தி. “ஹாய் சார், உங்க கைடன்ஸ் வேணும்” என்று வந்தால் யாரும் என்ன பதில் போடுவார்கள்? நாற்பது படங்கள் அடங்கிய பிடிஎஃப்பும் வேண்டாம். இப்படி எழுதிப் பாருங்கள்: “வணக்கம் ஐயா. சிற்பக்கலை இறுதியாண்டு படிக்கிறேன். ஒன்றரை அடி உயரச் சுடுமண் குதிரை செய்கிறேன். காயும்போது கழுத்தில் வெடிப்பு விடுகிறது. இரண்டு படம் அனுப்பியிருக்கிறேன். சனிக்கிழமை அரை மணி நேரம் நேரில் வரலாமா?” இதில் மென்டார் என்ற வார்த்தையே இல்லை. அந்தப் பொறுப்பை முதல் நாளே ஒருவர் தலையில் கட்டினால் மிரண்டு போவார். ஒரு கேள்வியோடு போய், அவர் சொன்னதைச் செய்து மறுபடி காட்டுங்கள். உறவு தானாக வளரும்.

முன்பின் தெரியாதவருக்கு எழுதத் தயக்கம் என்றால் நேரில் போங்கள். சென்னையில் கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாடமியில் கண்காட்சி நடக்கும்போது கலைஞர்களோடு நின்று பேசலாம். ஈஞ்சம்பாக்கம் சோழமண்டலத்துக்கும் போய்வரலாம், 1966இல் கே.சி.எஸ். பணிக்கர் தன் மாணவர்களையும் சக கலைஞர்களையும் சேர்த்துக்கொண்டு உருவாக்கிய கலைஞர் கிராமம் அது.

கைவினைஞர்களிடம் நடக்கும் தவறு தனி ரகம். “அண்ணா, அண்ணா” என்று நாள் முழுக்கப் பட்டறையில் உட்கார்ந்து கற்றுக்கொள்வது, காட்சி அட்டையில் பெயர் மட்டும் போடாமல் விடுவது. நீங்கள் எடுத்துக்கொள்ளும் அந்த நாள் அவருடைய ஒரு நாள் கூலி. எவ்வளவு தர வேண்டும் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள், பெயரையும் போடுங்கள். அதற்காக வேலையையே அவரிடம் கொடுத்துவிடாதீர்கள். உள்ளே ஏன் கம்பி வைத்தாய் என்று மதிப்பெண் போட வரும் ஜூரி கேட்டால் மாட்டிக்கொள்வீர்கள்.

வெளியாள் ஒருவரைப் பார்க்கிறேன் என்று கல்லூரி கைடிடம் சொல்லிவிடுங்கள். மறைத்தால், இருவரும் எதிரெதிராகச் சொல்லும்போது நடுவில் நீங்கள்தான் விழிப்பீர்கள். இரண்டையும் கேட்டு, ஏன் இதை எடுத்தேன் என்று காரணம் சொல்லத் தெரிந்தால் போதும்.

பதிலே வரவில்லையா? ஒரு வாரம் பொறுத்து ஒரே ஒருமுறை நினைவூட்டுங்கள். முடியாது என்று சொன்னால், “வேறு யாரைப் பார்க்கலாம் ஐயா?” என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒரு பெயராவது கிடைக்கும்.