கோணல் கழுத்துக் குட்டி: முதலில் கையை எடுங்கள்

கையுறை போடுவது, தொப்புளுக்கு மருந்து வைப்பதெல்லாம் கல்லூரியிலேயே சொல்லிக் கொடுத்திருப்பார்கள். முதுகெலும்புக் கோளாறோடு பிறந்த குதிரைக்குட்டி வந்தால், நான் அன்று செய்த தப்புகளையே புதுக் கால்நடை டாக்டர்களும் வரிசை மாறாமல் செய்கிறார்கள்.

கழுத்தை நீவி நிமிர்த்துவது

வேலையில் சேர்ந்த இரண்டாம் வருடம். அரபுக் கலப்புப் பெட்டைக் குட்டி, பிறந்து மூன்று நாள். தலை இடப்பக்கம் சாய்ந்திருக்க, நாலு காலையும் அகட்டித் தள்ளாடி நின்றது. "வயித்துக்குள்ள மடங்கிக் கெடந்திருக்கும் சார், நீவிவிட்டா சரியாயிடும்" என்றார் லாயக்காரர். தாடையில் ஒரு கை, பிடரியில் ஒரு கை கொடுத்துத் திருப்பினேன். 'டக்' என்றது. மூட்டு இடத்தில் உட்கார்ந்துவிட்டது என்று எனக்குப் பெருமை வேறு. குட்டி முன்னங்கால் மடிந்து விழுந்தது. பிறகு எழவே இல்லை.

அறுத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. மண்டையோடும் கழுத்தின் முதல் எலும்பும் ஒட்டியே பிறந்திருந்தன. இரண்டாம் எலும்பின் முளை சரியாக வளரவில்லை. மேலே அசைய வேண்டியது அசையாததால், கீழ் மூட்டு தளர்ந்து தண்டுவடத்தை நசுக்கிக்கொண்டிருந்தது. மிச்சமிருந்த இடத்தையும் நான் அடைத்துவிட்டேன். அரபு இனத்தில் இது பரம்பரையாக வரும். அந்த 'டக்' சத்தமே நோயின் அடையாளம்.

இன்றும் எனக்கு வீடியோ வருகிறது: "சார், சத்தம் கேட்டுச்சு, செட் ஆயிடுச்சு!" பற்றிக்கொண்டு வரும். எக்ஸ்ரே எடுக்காமல் அந்தக் கழுத்தைத் தொடாதீர்கள். பக்கவாட்டில் ஒரு படமே பெரும்பாலும் போதும், அதையும் தலையை வளைக்காமல் எடுங்கள்.

சீம்பாலை மறப்பது

எல்லோரும் முதுகையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். கோணல் குட்டிக்கு மடி எட்டியிருக்காது. முதல் சில மணி நேரத்துக்குள் கறந்து கொடுங்கள். உறிஞ்சத் தெரியாவிட்டால் மூக்குக் குழாய்.

பள்ள முதுகுக்குத் தாது உப்புக் கலவை கொடுப்பது

கிழட்டுக் குதிரைக்கு முதுகு தொங்குவது வேறு, இளசுக்குத் தொங்குவது வேறு. அமெரிக்காவின் சாடில்பிரெட் குதிரைகளில் இளவயதுப் பள்ள முதுகை 20ஆம் குரோமோசோமோடு தொடர்புபடுத்தி கென்டக்கி ஆய்வாளர்கள் 2010இல் எழுதினார்கள். அவர்கள் அளந்த விதம் எளிது: தோள்மேட்டிலிருந்து இடுப்புமேடு வரை முதுகின் வளைவோடு ஒருமுறை, நேர்க்கோட்டில் ஒருமுறை. வித்தியாசம் 7 செ.மீ.யைத் தாண்டினால் பள்ள முதுகு. தீவனத்தைக் குறை சொல்லும் முன் நாடாவை எடுங்கள்.

பார்த்தவுடன் கருணைக்கொலை ஊசி போட்டு முடிப்பது

லேசான பக்கவாட்டு வளைவு வளர வளரக் குறைவதுண்டு. பொறுங்கள்.

அதே ஜோடியை மறுபடி சேர்ப்பது

வேண்டாம். அந்த லாயக்காரர் அடுத்த வருடமே சேர்த்தார். போன் எனக்குத்தான் வந்தது.