வாக்கிங் போனதற்கு ஒரு வடை: உடற்பயிற்சியில் போடும் தப்புக் கணக்குகள்

சென்னையில் கடற்கரையோ பூங்காவோ, காலை ஏழு மணிக்கு வாக்கிங் முடிகிற இடத்துக்குப் பக்கத்தில் உள்ள ஓட்டலை எட்டிப் பார்த்தால் விஷயம் புரிந்துவிடும். கழுத்தில் துண்டு, காலில் ஷூ, முன்னால் பொங்கல் வடை. "இன்னிக்கு நல்லா நடந்தாச்சு, சாப்பிடலாம்" என்ற பேச்சு வேறு. சரி, கணக்கைப் போடுவோம். 70 கிலோ எடையுள்ள ஒருவர் அரை மணி நேரம் வேகமாக நடந்தால் ஏறக்குறைய 150 கலோரி செலவாகும். ஒரு மெதுவடையே 100 கலோரியைத் தாண்டும்; நெய் விட்ட பொங்கல் ஒரு பிளேட் 300-க்கு மேல் போகும். நடந்தது வீண் என்று சொல்லவில்லை. இதயத்துக்கும் ரத்த அழுத்தத்துக்கும் தூக்கத்துக்கும் கிடைத்த நன்மை எங்கும் போகாது. தொப்பைதான் இறங்காது.

உணவு, இனிப்பு, நடை, எடைப் பயிற்சி என்று எதை எடுத்தாலும் பெரும்பாலான தவறுகள் இந்த வகைதான். ஒன்றில் நல்ல பிள்ளையாக இருந்துவிட்டு, அதைக் காட்டி இன்னொன்றில் சலுகை எடுத்துக்கொள்கிறோம்.

சர்க்கரை விஷயத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். காபிக்கு இரண்டு ஸ்பூன் வீதம் நாலு வேளை குடிப்பவர் அதிலேயே 35, 40 கிராம் சர்க்கரை சாப்பிட்டுவிடுகிறார். நாளுக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அதனால் சிலர் நாட்டுச் சர்க்கரைக்கோ கருப்பட்டிக்கோ தேனுக்கோ மாறுகிறார்கள். ருசிக்காக மாறினால் சரி. எடை குறையும், சுகர் ஏறாது என்று நினைத்து மாறுவதுதான் தவறு. நாட்டுச் சர்க்கரையிலும் கருப்பட்டியிலும் கிராமுக்கு ஏறக்குறைய 4 கலோரி, வெள்ளைச் சர்க்கரையைப் போலவேதான். தேனில் தண்ணீர் இருப்பதால் 3. 'நல்ல சர்க்கரை' என்ற தைரியத்தில் ஒரு ஸ்பூன் கூடுதலாகப் போட்டால் நஷ்டம்தான்.

செயற்கை இனிப்புகளில் பயப்படுவோர் ஒரு பக்கம், பயமே இல்லாதவர்கள் இன்னொரு பக்கம். 2023 ஜூலையில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, இந்த இனிப்புகளில் ஒன்றான அஸ்பார்டேமைப் 'புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்ற 2பி பிரிவில் சேர்த்தபோது வாட்ஸ்அப் முழுக்க அதே பேச்சு. அதே நாளில், உடல் எடையில் கிலோவுக்கு 40 மில்லிகிராம் வரை எடுத்துக்கொள்ளலாம் என்ற பழைய வரம்பை மாற்றத் தேவையில்லை என்று இன்னொரு நிபுணர் குழு சொன்னது அந்த அளவுக்குப் பரவவில்லை. 70 கிலோ உள்ளவர் அந்த வரம்பைத் தாண்ட, ஒரு நாளில் டயட் குளிர்பானம் 9 முதல் 14 கேன் வரை குடிக்க வேண்டும். காபியில் போடும் ஒரு மாத்திரைக்காகத் தூக்கம் கெட வேண்டியதில்லை.

ஆனால் எடை குறைய இதை நம்பி இருக்கவும் முடியாது. அதே 2023 மே மாதம் உலக சுகாதார நிறுவனம், எடையைக் கட்டுப்படுத்துவதற்கென்று செயற்கை இனிப்புகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று பரிந்துரைத்தது. நீண்ட காலத்தில் உடல் கொழுப்பு குறைவதாகத் தெரியவில்லை என்பது காரணம். ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு இந்தப் பரிந்துரை பொருந்தாது. என்னைக் கேட்டால், நாலு காபி சர்க்கரையை விட முடியாதவர் சில மாதங்களுக்கு இதை வைத்துக்கொண்டு, இனிப்பின் அளவையே மெல்லக் குறைத்துக்கொண்டு வருவது நல்ல உபயோகம்.

'சுகர் ஃப்ரீ' என்று எழுதிய பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். முன்பக்கம் இலை, பச்சை நிறம். பின்பக்கம் பொடி எழுத்தில் முதலில் கோதுமை மாவோ மைதாவோ, அடுத்து பாமாயில், அப்புறம் சர்க்கரைக்குப் பதிலாகப் போடும் மால்டிடால். மால்டிடாலிலும் கிராமுக்கு 2 கலோரி உண்டு. அதிகம் சாப்பிட்டால் வயிறு உப்பும், பேதியாகும். சர்க்கரை இல்லை என்பதற்காக எட்டு பிஸ்கட் தின்றால் மாவும் எண்ணெயும் தம் வேலையைச் செய்யத்தான் செய்யும்.

எடை இயந்திரத்தை மட்டும் நம்புவது அடுத்த தவறு. புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக், லண்டன் மருத்துவர் ஜான் எஸ். யுட்கின் இருவரின் படமும் 2004-இல் லான்செட் இதழில் அருகருகே வெளியானது. இருவருக்கும் பிஎம்ஐ (உயரத்தோடு எடையை ஒப்பிடும் கணக்கு) ஒன்றேதான், 22.3. உடல் கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு என்ற இந்த அமைப்பு இந்தியர்களிடம் நிறைய. தசை குறைவாக இருப்பதும் இதில் ஒரு பாதி. சாப்பிட்டபின் ரத்தத்தில் ஏறும் குளுக்கோஸின் பெரும்பங்கை வாங்கி வைத்துக்கொள்வது தசைதான். பட்டினி கிடந்து, நடை மட்டும் நடந்து எடை குறைத்தால், குறைந்த எடையில் கால் பங்கு அளவுக்குத் தசை உள்ளிட்ட கொழுப்பில்லாத பகுதி போய்விடலாம். முள் இறங்கியது என்று சந்தோஷப்படும்போது சர்க்கரையை வாங்கி வைக்கிற இடமும் சுருங்கியிருக்கும்.

எடைப் பயிற்சி வேண்டும் என்பது இதனால்தான். வாரத்துக்கு 150 நிமிட நடையோடு, குறைந்தது இரண்டு நாளாவது எல்லாப் பெரிய தசைகளுக்கும் வேலை கொடுக்கச் சொல்கிறார்கள். "வெயிட் தூக்கினா ஆம்பளை மாதிரி ஆயிடுவேன்" என்று ஒதுங்குகிற அக்காக்கள், வீட்டில் 20 லிட்டர் தண்ணீர் கேனைத் தூக்கிக் கவிழ்க்கிறார்களே, அது 20 கிலோ. தசையை வளர்க்கும் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் பெண்களுக்கு மிகக் குறைவு. அவ்வளவு சுலபத்தில் புஜம் திரளாது. அப்படியே ஜிம்முக்கு வந்தாலும் சேர்ந்த நாளில் கொடுத்த 2 கிலோ டம்பெல்லையே வருடக்கணக்கில் ஆட்டிக்கொண்டிருப்பது பெரிய வீண். ஒவ்வொரு சுற்றிலும் கடைசி இரண்டு மூன்று தடவை தூக்கும்போது கஷ்டப்பட வேண்டும். சுலபமாகிவிட்டால் எடையைக் கொஞ்சம் ஏற்ற வேண்டும்.

பையன்கள் தவறு வேறு விதம். கண்ணாடி முன்னால் பைசெப்ஸ், கால் பக்கமே போவதில்லை, ஓட்டம், சைக்கிள் மாதிரி கார்டியோ செய்தால் தசை கரைந்துவிடும் என்ற பயம். இந்தப் பயத்துக்கு ஒரு வேர் இருக்கிறது. 1980-இல் ராபர்ட் ஹிக்சன் நடத்திய ஆய்வில், எடைப் பயிற்சி, கார்டியோ இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களின் பலம் ஏழெட்டு வாரத்துக்குப் பிறகு மேலே ஏறவில்லை, இறங்கவும் செய்தது. ஆனால் அவர்கள் வாரத்தில் ஐந்து நாள் எடை, ஆறு நாள் கடுமையான ஓட்டமும் சைக்கிளும் செய்தார்கள். மூன்று நாள் எடை, மூன்று நாள் அரை மணி நேர நடை என்று இருப்பவருக்கு இதில் கவலைப்பட ஒன்றுமில்லை. ஒரே நாளில் இரண்டும் செய்வதென்றால் எடையை முதலில் முடித்துவிடுங்கள்.

தட்டில் புரதம் இல்லாமல் இதெல்லாம் பாதிதான் பலிக்கும். நாலு இட்லி, சாம்பார், சட்னி சேர்த்தால் ஏறக்குறைய 10 கிராம் புரதம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகக் கணக்குப்படி சாதாரணமாக இருப்பவருக்கே கிலோவுக்கு 0.83 கிராம் தேவை. 70 கிலோவுக்கு 58. எடை தூக்குகிறவர் 1.2 முதல் 1.6 வரை போகலாம். இட்லியை விட வேண்டாம். ஒன்றைக் குறைத்து இரண்டு முட்டை சேர்த்தால் முட்டையிலிருந்தே 12 கிராம் கிடைக்கிறது. முட்டை சாப்பிடாதவர்களுக்குக் கொண்டைக்கடலைச் சுண்டல், பனீர், சோயா, கெட்டித் தயிர் இருக்கின்றன. சாப்பாட்டிலேயே முடிகிறபோது டப்பா பவுடருக்கு எதற்குச் செலவு? சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தை ஏற்றக் கூடாது.

இன்சுலினோ, சர்க்கரையை வேகமாக இறக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் போய்க் கடுமையாகப் பயிற்சி செய்வது ஆபத்து. நடுவில் கை நடுக்கம், படபடப்பு, குளிர்ந்த வியர்வை வந்தால் உடனே நிறுத்த வேண்டும். அந்த நேரத்தில் செயற்கை இனிப்புப் போட்ட டீயோ டயட் கோலாவோ எதற்கும் உதவாது. 15 கிராம் நிஜ சர்க்கரை, அதாவது மூன்று ஸ்பூன், தண்ணீரில் கலந்து குடித்துவிட்டு 15 நிமிடம் கழித்து மறுபடி சோதித்துப் பார்க்க வேண்டும். அப்படிப்பட்டவர்களின் ஜிம் பையில் குளுக்கோஸ் பொட்டலம் ஒன்று எப்போதும் இருக்கட்டும்.