மீன் பெட்டிக்குள் தராவா: போர்க்களத்தை வகுப்பில் செய்து காட்டும் முறை

ஒன்பதாம் வகுப்புக்கு இரண்டாம் உலகப்போர் நடத்தும்போது, 1943 நவம்பர் 20 காலையில் தராவாவில் நடந்ததைச் சொல்லிப் பார்த்தேன். பசிபிக் கடலில் ஜப்பானியர் பிடித்து வைத்திருந்த தராவாவில் அமெரிக்கப் படை கடல்வழியாக இறங்கிய நாள் அது. பிள்ளைகள் தேதியை எழுதிக்கொண்டார்கள், அவ்வளவுதான். தண்ணீரில் செய்து காட்டிய பிறகுதான் அவர்களுக்கு நெஞ்சு பதறியது.

மீன் மார்க்கெட்டில் தெர்மாகோல் பெட்டி ஒன்று வாங்குங்கள். நாம் செய்யப்போவது தராவா பவளத்தீவுக் கூட்டத்தின் தென்மேற்கு மூலையிலுள்ள ‘பெட்டியோ’ என்ற தீவு. உள்ளூர் மக்கள் அதைப் ‘பேசோ’ என்பார்கள். முழுத்தீவும் வேண்டாம், வடக்குக் கரை போதும். ஒரு செ.மீ. ஐம்பது மீட்டர் என்று வையுங்கள். ஆழத்துக்கு மட்டும் ஓர் அடிக்கு ஒரு செ.மீ.

ஒரு ஓரத்தில் ஈரமணலைக் குவித்துக் கரை கட்டுங்கள். கரையை ஒட்டிச் செங்கல் அடுக்கி, மேலே பதினைந்து செ.மீ. அகலத்துக்குத் தரை டைல்ஸ் பரப்புங்கள். அதுதான் பவளத்திட்டு. முதல் வருடம் களிமண் வைத்தேன், பாதி வகுப்பிலேயே கரைந்துவிட்டது. டைல்ஸ்தான் சரி. கரையோரம் ஈர்க்குச்சிகளை ஒடித்து வரிசையாகக் கிடத்துங்கள். ஜப்பானியர் அங்கே தென்னந்தடியால் தடுப்புச்சுவர் எழுப்பியிருந்தார்கள். பதுங்குகுழிகளும் தென்னந்தடியாலும் பவள மணலாலும் ஆனவை.

இப்போது படகு. ஹோமியோபதி மாத்திரைக் குப்பியில் மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு மூடி மிதக்கவிடுங்கள். மூன்றரை செ.மீ. மூழ்க வேண்டும். அமெரிக்கர் வீரர்களைக் கரையிறக்கப் பயன்படுத்திய ஹிக்கின்ஸ் படகுக்கு, ஆளும் சுமையும் ஏற்றினால், மூன்றரை, நான்கு அடித் தண்ணீர் தேவைப்பட்டது.

டைல்ஸுக்கு மேல் ஐந்து செ.மீ. தண்ணீர் ஊற்றுங்கள். திட்டமிட்டவர்கள் நம்பிய அளவு அது. குப்பியைத் தள்ளினால் வழுக்கிக்கொண்டு கரை சேரும். பிறகு டம்ளரால் மொண்டு மூன்று செ.மீ.க்குக் குறையுங்கள். இந்த முறை ஒரு பிள்ளையைத் தள்ளச் சொல்லுங்கள். டைல்ஸ் விளிம்பில் ‘டக்’கென்று முட்டும். அந்தச் சத்தத்துக்குப் பிறகு கொஞ்ச நேரம் எதுவும் பேசாதீர்கள்.

முதல் மூன்று வரிசை வீரர்கள் பவளத்தின் மேல் ஊர்ந்தேறும் சங்கிலிச் சக்கர வண்டிகளில் போனார்கள். அவை போதுமான அளவு இல்லை. பின்னால் படகில் வந்தவர்கள் திட்டின் விளிம்பில் இறங்கி, நெஞ்சளவு தண்ணீரில் அரை கிலோமீட்டரும் அதற்கு மேலும் நடந்தார்கள், எதிரே இயந்திரத் துப்பாக்கிகள். டைல்ஸின் அகலத்தை ஸ்கேலால் அளக்கச் சொல்லிக் கணக்குப் போடவிடுங்கள். நடந்த தூரத்தை அவர்களே கண்டுபிடிக்கட்டும்.

ஏன் தண்ணீர் இல்லை? நாள்காட்டியைக் காட்டுங்கள். அது தேய்பிறை அஷ்டமியை ஒட்டிய நாள், ஓதம், அதாவது கடல்நீரின் ஏற்ற இறக்கம், மெலிந்திருக்கும் சமயம். போதாததற்கு நிலவும் பூமியை விட்டுத் தூரத்தில் இருந்தது, அதனால் கடலை இழுக்கும் விசை இன்னும் குறைந்தது. அங்கே பல ஆண்டு வாழ்ந்த மேஜர் பிராங்க் ஹாலண்ட், படகு ஏறாது என்று முன்பே எச்சரித்தார். இதைச் சொல்லாமல் விடாதீர்கள். கடலை அறிந்தவர் சொல் எடுபடாமல் போனதை எனக்கு இன்றும் தாங்க முடியவில்லை.

இரண்டாம் நாள் நண்பகல் வாக்கில் தண்ணீர் ஏறத் தொடங்கியது. நீங்களும் டம்ளரால் மெல்ல ஊற்றுங்கள், குப்பி தானாக அசையும். 76 மணி நேரத்தில் சண்டை முடிந்தது. அமெரிக்கர் சுமார் ஆயிரம் பேர் இறந்தார்கள். தீவைக் காத்த படையில் 17 ஜப்பானியர் மட்டுமே உயிரோடு பிடிபட்டார்கள். கூலி வேலைக்குக் கொண்டுவரப்பட்ட கொரியர்களில் 129 பேர் மிஞ்சினார்கள். கொரியர்களைப் பற்றிப் புத்தகத்தில் இருக்காது, நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

கடைசியாக ஓர் ஈர்க்கில் செ.மீ. கோடுகள் கீறி ஒரு பிள்ளையிடம் கொடுத்து, டைல்ஸ் மேல் தண்ணீரை அளக்கச் சொல்லுங்கள். தராவாவுக்குப் பிறகு, படை இறங்கும் முன் நீந்திப்போய் ஆழம் பார்க்கத் தனிக் குழுக்களை அமெரிக்கக் கடற்படை அனுப்பத் தொடங்கியது.